பாட்டிலை விட்டுக் கெக்குக்கு மாற நினைப்பவருக்கு

கேள்வியின் சாரம் இது: அமெரிக்காவில் இருந்த ஆண்டுகளில் வீட்டிலேயே பீர் காய்ச்சிப் பாட்டிலில் அடைத்துப் பழகிய நண்பர் ஒருவர் குடும்பத்தோடு பெங்களூரு திரும்பியிருக்கிறார். வரும்போது பழைய ஐந்து கேலன் கெக் (அழுத்தம் தாங்கும் எவர்சில்வர் பானப் பாத்திரம்) இரண்டைக் கொண்டுவந்திருக்கிறார். பாட்டில் கழுவும் வேலையை விட்டுவிட்டுக் கெக்குக்கு மாறினால் எங்கிருந்து தொடங்குவது, எதை முதலில் வாங்குவது, கெக்கில் அடைத்தவர்கள் எல்லோரும் ஏன் நுரையைப் பற்றியே பேசுகிறார்கள் என்று கேட்கிறார். இந்த ஊரில் உரிமம் பெற்ற மைக்ரோ புரூவரி ஒன்றில் காய்ச்சும் வேலையில் இருக்கிறேன். பெரிய தொட்டிக்குப் போகும் முன் புதிய செய்முறைகளை இதே சிறிய கெக்குகளில்தான் சோதித்துப் பார்ப்போம் என்பதால் இதைக் கொஞ்சம் விரிவாகவே எழுதுகிறேன்.

சட்டத்தை முதலில் சொல்லிவிட வேண்டும். அமெரிக்காவில் 1978இல் நிறைவேறி 1979 பிப்ரவரியில் நடைமுறைக்கு வந்த சட்டத்தின்படி, வயது வந்தோர் இருவர் உள்ள வீட்டில் ஆண்டுக்கு 200 கேலன் பீர் வரை சொந்தத் தேவைக்குக் காய்ச்சலாம். அந்தப் பழக்கத்தில் இங்கேயும் அடுப்பை மூட்டிவிடாதீர்கள். கர்நாடகத்தின் 1965ஆம் ஆண்டுக் கலால் சட்டம் உரிமம் இல்லாமல் மது தயாரிப்பதைத் தடை செய்கிறது; வீட்டில் குடிப்பதற்குத்தான் என்றாலும் பீர் அதில் அடங்கும். எனவே இந்த ஊரில் உங்கள் கெக்குகள் சோடாவுக்கும், நொதிக்காத இஞ்சி பானத்துக்கும், கோல்ட் புரூ காபிக்கும் பயன்படட்டும். கீழே பீருக்கான எண்களையே தருகிறேன். சட்டம் அனுமதிக்கும் ஊரிலோ உரிமம் உள்ள இடத்திலோ அவை அப்படியே செல்லும், கருவியும் கைப்பழக்கமும் எல்லாப் பானத்துக்கும் ஒன்றுதான்.

உங்களிடம் இருப்பது பெரும்பாலும் கார்னி என்று அழைக்கப்படும் கார்னீலியஸ் வகைக் கெக்காக இருக்கும். குளிர்பானக் கடைகளுக்குச் சிரப் அனுப்புவதற்காகச் செய்யப்பட்ட இந்தப் பாத்திரங்கள், சிரப் பெட்டிக்குள் பையாக வரத் தொடங்கியதும் வேலையிழந்து, வீட்டில் காய்ச்சுபவர்கள் கைக்கு வந்து சேர்ந்தன. கெக்கின் தலையில் குழாய்கள் பூட்டிக்கொள்ளும் அமைப்பில் இரண்டு வகை உண்டு: பெப்சி பயன்படுத்தியது பால் லாக் (ball lock), கோக் பயன்படுத்தியது பின் லாக் (pin lock). இரண்டின் இணைப்பான்களும் ஒன்றுக்கொன்று பொருந்தா. ஆகவே எதையும் வாங்கும் முன் உங்கள் கெக்கின் தலையில் இருப்பது எது என்று பாருங்கள். கொள்ளளவு ஏறத்தாழ 19 லிட்டர். நம் ஊர் 650 மில்லி பாட்டிலில் கணக்கிட்டால் 29 பாட்டில். அத்தனையையும் கழுவி, கிருமி நீக்கி, சர்க்கரை அளந்து, மூடி அடித்து, எது வெடிக்குமோ என்று காத்திருக்கும் வேலை ஒரே ஒரு பாத்திரத்தைக் கழுவுவதாகச் சுருங்குகிறது என்பதுதான் கெக்கின் முதல் லாபம். பீருக்குள் போகும் வாயுவின் அளவை நீங்களே தீர்மானிக்கலாம் என்பது இரண்டாவது லாபம். என் கணக்கில் அதுவே பெரியது.

பழைய கெக்கைத் திறக்கும் முன் மூடியில் உள்ள அழுத்த வால்வைத் தூக்கி உள்ளிருக்கும் வாயுவை முழுவதுமாக வெளியேற்றுங்கள். பல ஆண்டுகள் மூலையில் கிடந்த கெக்கிலும் அழுத்தம் இருக்கக்கூடும். அந்த நிலையில் மேலுள்ள போஸ்ட்டை, அதாவது இணைப்பான் பொருந்தும் முனையை, ஸ்பேனரால் கழற்றினால் அது பறந்துவந்து முகத்தில் அடிக்கும். வெறுமையானதும் ஓ-ரிங் எனப்படும் ரப்பர் வளையங்கள் எல்லாவற்றையும் தயங்காமல் மாற்றுங்கள்: மூடிக்குப் பெரியது ஒன்று, இரண்டு போஸ்ட்டுகளுக்கு, உள்ளே இறங்கும் இரண்டு குழாய்களுக்கு. பழைய ரப்பரில் ஏறிய சிரப் வாசனை எத்தனை முறை கழுவினாலும் போகாது. புதியவற்றில் உணவுத் தர சிலிக்கான் கிரீஸை மெல்லப் பூசினால் அடைப்பும் இறுகும், ரப்பரும் நீடிக்கும். பால் லாக்கில் வாயு போஸ்ட்டின் அடிப்பகுதியில் சிறு வெட்டுகள் இருக்கும், பானப் போஸ்ட்டில் இருக்காது. சாம்பல் நிற இணைப்பான் வாயுவுக்கு, கறுப்பு பானத்துக்கு. மாற்றி அழுத்தினால் சிக்கிக்கொண்டு கழற்றவே பெரும்பாடாகிவிடும்.

இனி, எதை முதலில் வாங்குவது என்ற கேள்வி. தொடங்குபவர்களில் பலர் பானம் ஊற்றும் பளபளக்கும் குழாயையும் அதைத் தாங்கும் கோபுரத்தையும் வாங்கிவிட்டு, மிஞ்சிய பணத்தில் குளிருக்கு ஏதாவது ஏற்பாடு செய்கிறார்கள். வரிசை இதற்கு நேர்மாறாக இருக்க வேண்டும் என்பதே என் உறுதியான கருத்து. கரியமில வாயு திரவத்தில் கரைந்து நிற்பது குளிரால்தான். குளிர் நிலையாக இல்லையென்றால் எவ்வளவு விலை கொடுத்த குழாயிலிருந்தும் நுரைதான் வரும். ஆகவே முதலில் ஒரு பழைய ஃப்ரிட்ஜோ, ஐஸ்கிரீம் கடைகளில் இருப்பதுபோல் மேல்மூடி திறக்கும் ஃப்ரீசரோ வாங்குங்கள். கெக்கின் உயரமும் அகலமும் எவ்வளவு என்று அட்டையில் வெட்டி எடுத்துக்கொண்டு கடைக்குப் போவது நல்லது, ஏனென்றால் கம்ப்ரசருக்காக உள்ளே எழும்பியிருக்கும் மேடு பலருடைய திட்டத்தைக் கெடுத்திருக்கிறது. ஃப்ரீசராக இருந்தால் மின்சாரத்தை நிறுத்தி ஓட்டும் வெப்பநிலைக் கட்டுப்பாட்டுக் கருவி ஒன்று தேவை; எஸ்.பி. ரோட்டு மின்னணுக் கடைகளில் கேட்டுப் பாருங்கள். அதன் உணரியைக் காற்றில் தொங்கவிடாமல் கெக்கின் உடம்போடு ஒட்டி மேலே தெர்மக்கோல் துண்டு வைத்துக் கட்டினால், கருவி காற்றின் ஏற்ற இறக்கத்துக்குப் பதறாமல் பானத்தின் குளிரைப் பார்த்து இயங்கும். ஃப்ரீசரின் பக்கச் சுவரில் துளையிட வேண்டாம், குளிரூட்டிச் சுருள் அங்கேதான் ஓடுகிறது. மூடிக்கும் பெட்டிக்கும் இடையே மரச்சட்டம் வைத்து அதில் துளையிடுவதே பாதுகாப்பு.

அடுத்தது வாயு. பானத் தரக் கரியமில வாயுவைத்தான் கேட்க வேண்டும். வெல்டிங்குக்கு விற்கும் வாயுவில் ஈரமும் எண்ணெய்த் தடமும் இருக்க வாய்ப்புண்டு, அந்த வேலைக்கு அது பெரிதல்ல, நாக்குக்குப் பெரிது. சோடாக் கடைகளுக்கும் உணவகங்களுக்கும் நிரப்பிக் கொடுக்கும் முகவரைத் தேடுங்கள். உருளையின் தோளில் பொறித்திருக்கும் சோதனைத் தேதியைப் படித்துப் பார்த்து, காலம் கடந்திருந்தால் வாங்காதீர்கள். தீயணைப்பான் உருளையை மட்டும் எக்காரணம் கொண்டும் ரெகுலேட்டரோடு (வாயுவின் அழுத்தத்தைக் குறைத்து அனுப்பும் கருவி) பொருத்தாதீர்கள். அதற்குள் அடிவரை செல்லும் குழாய் இருப்பதால் வாயுவுக்குப் பதிலாகத் திரவமே ரெகுலேட்டருக்குள் பாயும். அதே காரணத்தால்தான் சாதாரண உருளையையும் படுக்க வைத்துப் பயன்படுத்தக் கூடாது; நிமிர்த்தி, சங்கிலியால் சுவரோடு பிணைத்து வையுங்கள்.

அமெரிக்காவிலிருந்து ரெகுலேட்டரையும் கொண்டுவந்திருந்தால், அது சிஜிஏ 320 என்ற மரையுள்ளதாக இருக்கும். ஐரோப்பியக் கருவிகளில் டபிள்யூ 21.8 மரை வரும். இங்கே உங்களுக்குக் கிடைக்கும் உருளையின் வால்வு இரண்டோடும் பொருந்தாமல் போகலாம். பொருந்தாததை டெஃப்லான் டேப் சுற்றி இறுக்கிப் பொருத்துவது ஆபத்து. முதலில் உருளையை முடிவு செய்து, பிறகு அந்த வால்வுக்கென்று செய்த ரெகுலேட்டரையோ முறையான இணைப்பையோ வாங்குங்கள். ரெகுலேட்டருக்கும் கெக்குக்கும் இடையே ஒருவழி வால்வு ஒன்று கட்டாயம் வேண்டும். கெக்கின் அழுத்தம் ரெகுலேட்டரை மிஞ்சும்போது பீர் திரும்பி ஓடி அதைப் பாழாக்குவதை அதுதான் தடுக்கிறது.

உருளையில் எவ்வளவு வாயு மீதி என்பதை உயர் அழுத்த மீட்டர் சொல்லாது. உள்ளே திரவம் ஒரு துளி இருக்கும்வரை அது வெப்பநிலைக்கேற்ற ஒரே அழுத்தத்தைத்தான் காட்டும்: 25 டிகிரியில் ஏறத்தாழ 930 பி.எஸ்.ஐ. (அழுத்தத்தின் அலகு, ஒரு சதுர அங்குலத்துக்கு இத்தனை பவுண்டு), ஃப்ரிட்ஜுக்குள் 4 டிகிரியில் ஏறத்தாழ 560. உருளையைக் குளிரில் வைத்த மறுநாள் முள் இறங்கியதைக் கண்டு கசிவு என்று பதற வேண்டியதில்லை. எடை போட்டுப் பாருங்கள், அதுதான் உண்மையான கணக்கு. 2.3 கிலோ வாயு, கசிவு இல்லையென்றால், 19 லிட்டர் கெக் எட்டுக்குக் குறையாமல் போதும். 31 டிகிரிக்கு மேல் கரியமில வாயு திரவமாக நிற்பதில்லை, அழுத்தமும் வேகமாக ஏறும். ஏப்ரல் மாத வெயில் விழும் பால்கனி அதற்குரிய இடம் இல்லை.

பாதுகாப்பைப் பற்றி இன்னும் ஒன்று. அந்த 2.3 கிலோவும் ஒரே இரவில் கசிந்தால் சுமார் 1.3 கன மீட்டர் வாயுவாகும். மூன்று மீட்டர் நீள, அகல, உயரமுள்ள அடைத்த அறையில் அது காற்றில் ஐந்து சதவீதத்தை நெருங்கும். நான்கு சதவீதமே உயிருக்கு உடனடி ஆபத்து என்று தொழிற்பாதுகாப்புத் துறையினர் வகுத்திருக்கிறார்கள். காற்றைவிட ஒன்றரை மடங்கு கனமான இந்த வாயு தரையில்தான் தேங்கும். குழந்தைகளோ பெரியவர்களோ கீழே பாய் விரித்துப் படுக்கும் அறையில் உருளையை வைக்கவே கூடாது. காற்றோட்டமுள்ள யுட்டிலிட்டி பகுதியில் வைத்து, பயன்படுத்தாதபோது உருளையின் வால்வை மூடிவிடுங்கள்.

இப்போது அழுத்தத்துக்கு வருவோம். பீரில் கரைந்த வாயுவை வால்யூம் கணக்கில் சொல்வார்கள்: ஒரு லிட்டர் பீரில் ஒரு லிட்டர் வாயு கரைந்திருந்தால் ஒரு வால்யூம், எடையில் ஏறத்தாழ இரண்டு கிராம். ஆங்கிலேய ஏல் வகைகளுக்கு 2 வால்யூமை ஒட்டியும், அமெரிக்க ஏல்களுக்கும் பெரும்பாலான லாகர்களுக்கும் 2.5ஐ ஒட்டியும், ஜெர்மானியக் கோதுமை பீருக்கு 3க்கு மேலும் வைப்பது வழக்கம். 4 டிகிரி குளிரில் 2.5 வால்யூம் வேண்டுமானால் ரெகுலேட்டரை 12 பி.எஸ்.ஐ.யில் வைக்க வேண்டும் என்று எல்லா அட்டவணையும் சொல்லும். அதே பீர் 20 டிகிரியில் இருந்தால் 28 பி.எஸ்.ஐ. ஆகிவிடுகிறது என்பதிலிருந்தே குளிரின் பங்கு விளங்கும்.

ஆனால் இந்த அட்டவணைகள் கடல்மட்டத்துக்குப் போட்டவை. பெங்களூரு சுமார் 920 மீட்டர் உயரத்தில் இருப்பதால் இங்கே காற்றழுத்தம் சென்னையைவிட ஏறத்தாழ ஒன்றரை பி.எஸ்.ஐ. குறைவு. ரெகுலேட்டரின் முள் வெளிக்காற்றுக்கு மேலே எவ்வளவு என்பதைத்தான் காட்டுகிறது. வாயு கரைவதோ மொத்த அழுத்தத்தைப் பொறுத்தது. எனவே அட்டவணை 12 என்றால் நீங்கள் 13.5 வையுங்கள். சிறிய வேறுபாடுதான் என்றாலும், ‘அட்டவணைப்படியே வைத்தேன், ஏனோ பீர் சற்றுச் சோர்ந்திருக்கிறது’ என்று இந்த ஊரில் சொல்பவர்களுக்கு நான் முதலில் சொல்லும் பதில் இதுதான்.

வாயு ஏற்றும் முறைகளில் எனக்குப் பிடித்தது பொறுமையானது: கெக்கைக் குளிர வைத்து, 13.5இல் இணைத்து, பத்து நாள் முதல் இரண்டு வாரம் வரை தொடாமல் விட்டுவிடுவது. இதில் அளவு மீறிப் போக வழியே இல்லை. அவசரமானால் 30 பி.எஸ்.ஐ.யில் ஒரு நாள் வைத்து, பிறகு வாயுவைக் கொஞ்சம் வெளியேற்றி 13.5க்கு இறக்கலாம், கெக்கை மடியில் வைத்து உருட்டும் முறையும் உண்டு, அது எவ்வளவு ஏறியது என்பதைக் கண்ணால் காண முடியாததால் தொடங்குபவருக்கு நான் பரிந்துரைப்பதில்லை. மீறிப் போனால் வாயு இணைப்பைக் கழற்றி, ஒரு நாள் முழுக்க அவ்வப்போது அழுத்த வால்வைத் தூக்கிவிட்டால் சரியாகிவிடும்.

அடைக்கும் நாளில் கவனிக்க வேண்டியது ஆக்சிஜன். நொதித்து முடிந்த பீருக்குக் காற்றைப் போன்ற பகை வேறில்லை. நனைந்த அட்டை வாசனையும், பீருக்குக் கசப்பும் மணமும் தரும் ஹாப்ஸ் பூவின் மணம் மங்குவதும், நிறம் கறுப்பதும் அதன் வேலை. அடர்த்திமானியில் சில நாள் இடைவெளியில் ஒரே எண் இருமுறை வந்து, நொதித்தல் முடிந்தது என்று தெரிந்தபின், கெக்கை விளிம்புவரை கிருமி நீக்கிக் கரைசலால் நிரப்பி மூடி, கரியமில வாயுவால் அந்தக் கரைசலைப் பானக் குழாய் வழியே முழுவதும் வெளியே தள்ளுங்கள். இப்போது கெக்கினுள் இருப்பது கரியமில வாயு மட்டுமே. அதன் பிறகு பீரைப் பானப் போஸ்ட் வழியாகவே கீழிருந்து மேலாக ஏற்றினால் அது காற்றைப் பார்ப்பதே இல்லை. வாயுக் குழாயின் நுனி முழுகும்வரை நிரப்பாதீர்கள். நிரப்பியதும் சிறிது நேரம் 30 பி.எஸ்.ஐ. கொடுத்தால் மூடி நன்றாக அமர்ந்துகொள்ளும். ஒவ்வொரு இணைப்பிலும் சோப்பு நீர் தடவிக் குமிழி வருகிறதா என்று பார்த்துவிட்டு அழுத்தத்தைக் குறையுங்கள்.

கிருமி நீக்கத்துக்கு ஸ்டார் சான் போன்ற பாஸ்பாரிக் அமிலக் கரைசல்தான் வசதி, கழுவி எடுக்கத் தேவையில்லை. ஆனால் போர்வெல் தண்ணீரும் டேங்கர் தண்ணீரும் வரும் குடியிருப்புகளில் கடினத்தன்மை அதிகம். அதில் கலந்தால் கரைசல் கலங்கிச் சீக்கிரம் வலுவிழக்கிறது. ஆர்.ஓ. தண்ணீரில் கலக்குங்கள், பி.எச். 3க்குக் கீழே இருக்கும்வரை அதையே பயன்படுத்தலாம். பிளீச்சிங் பவுடரோ குளோரின் கலந்த திரவமோ கெக்குக்குள் போகக் கூடாது. குளோரைடு எவர்சில்வரில் ஊசித்துளை அரிப்பை உண்டாக்கும்.

இனி நுரை. பலரும் இதற்குத் தவறான மருந்தையே தேடுகிறார்கள். பீர் ஊற்றும்போது நுரை பொங்கினால் ரெகுலேட்டரை நான்கு, ஐந்துக்கு இறக்கிவிடுவார்கள், அன்றைக்கு அடங்கும். ஆனால் அழுத்தம் குறைந்த பீர் தன்னிடமுள்ள வாயுவை மெல்ல விடத் தொடங்கும், அந்த வாயு குழாயில் குமிழிகளாகத் தேங்கும், அடுத்த முறை ஊற்றும்போது நுரை இன்னும் கூடும், சில நாளில் பீரும் சப்பென்றாகிவிடும். வாயு ஏற்றிய அழுத்தமும் ஊற்றும் அழுத்தமும் ஒன்றாகவே இருக்க வேண்டும். அந்த அழுத்தத்தைக் கெக்கிலிருந்து குழாய்த் தலைவரை செல்லும் நெகிழ்குழாயின் நீளம்தான் உராய்வால் தின்று தீர்க்க வேண்டும். உள்விட்டம் 4.8 மில்லிமீட்டர் உள்ள பீர்க் குழாயானால் மூன்று மீட்டரில் தொடங்குங்கள். நீளமாக இருந்தால் பின்னர் வெட்டிக்கொள்ளலாம், குட்டையானதை நீட்ட முடியாது. குழாய் முழுவதும் ஃப்ரிட்ஜுக்குள்ளேயே சுருண்டு கிடக்கட்டும். வெளியே வெதுவெதுப்பாகக் கிடக்கும் குழாயிலும் சூடான குழாய்த் தலையிலும் பட்டுத்தான் முதல் தம்ளர் நுரையாக வருகிறது. மேல்மூடி ஃப்ரீசரில் அடிப்பகுதி மேற்பகுதியைவிடக் குளிர்ந்திருக்கும், கணினிக்குள் இருக்கும் சிறு மின்விசிறி ஒன்றை உள்ளே ஓடவிட்டால் அந்த வேறுபாடு மறையும். ஊற்றும்போது குழாய்த் தலையை முழுவதும் திறக்க வேண்டும். பாதி திறந்தால் அந்த இடுக்கிலேயே வாயு பிரிந்துவிடும். தொடக்கத்தில் கையில் பிடித்து அழுத்தும் பிளாஸ்டிக் பிக்னிக் குழாய் முற்றிலும் போதுமானது, அது முழுவதும் குளிரிலேயே இருப்பதால் நுரையும் குறைவு.

உங்கள் முதல் கெக்கில் வெறும் தண்ணீரை நிரப்புங்கள் என்பதே எல்லாவற்றிலும் நான் வற்புறுத்திச் சொல்வது. காய்ச்சி ஆற வைத்த தண்ணீரோ ஆர்.ஓ. தண்ணீரோ 18 லிட்டர் ஊற்றி, 4 டிகிரிக்குக் குளிர வைத்து, 13.5 பி.எஸ்.ஐ.யில் இரண்டு வாரம் விட்டுப் பாருங்கள். எந்த ஓ-ரிங் கசிகிறது, ஃப்ரிட்ஜ் இரவில் எத்தனை டிகிரி தாண்டுகிறது, மின்சாரம் போனால் எவ்வளவு நேரம் குளிர் நிற்கிறது, மூன்று மீட்டர் குழாய் போதுமா என்ற எல்லாக் கேள்விக்கும் அந்தத் தண்ணீரே விடை சொல்லிவிடும். வீணாவதற்கு எதுவும் இல்லை. உருளையை இணைத்த அன்றும் இரண்டு வாரம் கழித்தும் எடை போடுங்கள். 18 லிட்டருக்கு 2.5 வால்யூம் என்றால் ஏறத்தாழ 90 கிராம் கரைந்திருக்க வேண்டும், மேலே உள்ள வெற்றிடத்துக்கும் காற்றை வெளியேற்றியதற்கும் இன்னும் சில பத்துக் கிராம்; அதைவிட மிகுதியாகக் குறைந்திருந்தால் கசிவு இருக்கிறது. கிடைக்கும் மென்மையான சோடாவில் நன்னாரி சர்பத்தும் எலுமிச்சையும் கலந்து வீட்டில் உள்ள எல்லோருக்கும் கொடுக்கலாம், சட்டமும் தடை சொல்லாது. சர்பத்தைத் தம்ளரில் கலப்பதே மேல். கெக்கில் ஊற்றினால் குழாயெல்லாம் சர்க்கரை படிந்து ஈஸ்டுக்கு விருந்தாகிவிடும்.

கெக் தீர்ந்ததும் அழுத்தத்தை வெளியேற்றித் திறந்து, வண்டல் காயும் முன்பே வெந்நீரால் அலசுங்கள். பானக் குழாயை ஒவ்வொரு கெக் மாற்றும்போதும், ஒரே கெக் நீண்ட நாள் ஓடினால் இரண்டு வாரத்துக்கு ஒருமுறையும், காரக் கரைசல் விட்டுக் கழுவுங்கள். மழைக்காலத்தில் குழாய்த் தலையில் பூஞ்சை பிடிக்கும், அதைக் கழற்றிச் சிறு தூரிகையால் தேய்க்க வேண்டும். விருந்துக்கு ஓரிரு லிட்டர் எடுத்துப் போக வேண்டுமானால் சோடா வந்த பி.இ.டி. பிளாஸ்டிக் பாட்டிலில் குளிரக் குளிர நிரப்பி, காற்றைப் பிழிந்து வெளியேற்றி மூடுங்கள். அழுத்தம் தாங்கச் செய்யப்படாத கண்ணாடிச் சீசாவில் நிரப்பாதீர்கள். இரண்டாவது கெக்குக்கு இன்னொரு ரெகுலேட்டர் வாங்கத் தேவையில்லை, தனித்தனி மூடுவால்வுள்ள பிரிப்பான் ஒன்று போதும். ஒன்றில் சோடாவும் மற்றதில் வேறு அழுத்தம் கேட்கும் பானமும் வைக்கும் நாள் வரும்போது இரண்டாவது ரெகுலேட்டரைப் பற்றி யோசிக்கலாம்.